கேமிங் லேப்டாப் பேட்டரி: தனி ஜிபியு தூங்குகிறதா என்று முதலில் பாருங்கள்

இரண்டு கிராபிக்ஸ் சிப் (ப்ராசஸருக்குள்ளேயே இருப்பது ஒன்று, கேமுக்கான தனி ஜிபியு ஒன்று) உள்ள கேமிங் லேப்டாப்பில் சார்ஜ் மளமளவென்று இறங்கினால், முதலில் திரை வெளிச்சத்தைக் குறைக்கத்தான் கை போகும். அதில் கிடைப்பது கொஞ்சம்தான். வேலை இல்லாத நேரத்தில் தனி ஜிபியு முழுதாக அணைகிறதா என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

90 வாட்-அவர் பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரவுசர், டைப்பிங் போன்ற வேலைகளுக்கு மொத்த மெஷினும் 10 வாட் எடுத்தால் 9 மணி நேரம் வரும். தனி ஜிபியு சும்மா விழித்திருந்து இன்னொரு 10 வாட் இழுத்தால் நாலரை மணி நேரத்தில் காலி. திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது, ஃபேன்கூட சத்தம் போடாமல் இருக்கலாம். அதனால்தான் பலர் பேட்டரியையே குறை சொல்கிறார்கள்.

முதலில் லேப்டாப் நிறுவனத்தின் ஆப்பிலோ பயாஸிலோ ஜிபியு மோடைப் பாருங்கள். மக்ஸ் சுவிட்ச் (திரையை எந்த ஜிபியுவோடு இணைப்பது என்று மாற்றும் சுவிட்ச்) உள்ள மாடல்களில் கேமுக்காக டிஸ்க்ரீட் மோடில் வைத்துவிட்டு அப்படியே விட்டிருந்தால், திரையே தனி ஜிபியுவில் ஓடும்; அது தூங்க வழியே இல்லை. தேவைப்படும்போது மட்டும் தனி ஜிபியுவை எழுப்பும் ஹைப்ரிட் மோடுக்கு மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு என்விடியா கண்ட்ரோல் பேனலின் டெஸ்க்டாப் மெனுவில் ஜிபியு ஆக்டிவிட்டி ஐகானை ஆன் செய்தால், எந்த ஆப் ஜிபியுவைப் பிடித்து வைத்திருக்கிறது என்று டாஸ்க்பாரிலேயே தெரியும். பெரும்பாலும் ஆர்ஜிபி லைட்டிங் மென்பொருள், கேம் லாஞ்சர், அசையும் வால்பேப்பர், ஸ்கிரீன் ரெக்கார்டிங் ஓவர்லே இவற்றில் ஒன்றாக இருக்கும். விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் பக்கம் போய் அந்த ஆப்பை 'பவர் சேவிங்' என்று மாற்றுங்கள். ஆப்பை மூடித் திறந்தால்தான் மாற்றம் பலிக்கும்.

அளக்கும்போது ஒரு சிக்கல் உண்டு. ஜிபியு சென்சாரைப் படிக்கும் மென்பொருளே அதை எழுப்பிவிடும். சென்சார் அளவுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைப் பயன்படுத்தினால் ஜிபியு சென்சார்களை முடக்கிவிட்டு, பேட்டரியின் சார்ஜ் ரேட்டை மட்டும் பாருங்கள். சார்ஜரைக் கழற்றி, வெளிச்சத்தை ஒரே அளவில் வைத்து, ஓரிரு நிமிடம் கையை எடுத்துவிடுங்கள். 20 வாட்டுக்குப் பக்கத்தில் நின்ற எண் சந்தேகப்பட்ட ஆப்பை மூடியதும் 10க்கு இறங்கினால், ஆள் அகப்பட்டுவிட்டது.

டிவைஸ் மேனேஜரில் தனி ஜிபியுவை டிசேபிள் செய்யச் சொல்லும் யோசனையை நம்பாதீர்கள். மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டியதே டிரைவர்தான். அதை விலக்கினால் பல மாடல்களில் சிப் அணையாமலே கிடந்து செலவு கூடும். அசூஸின் ஈகோ மோட், லெனோவோ லீஜனின் ஐஜிபியு ஒன்லி மோட் (ஐஜிபியு என்பது ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ்) போன்றவை முறைப்படி துண்டிப்பவை, அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். வெளி மானிட்டரையும் கவனியுங்கள்: பெரும்பாலான மாடல்களில் ஹெச்டிஎம்ஐ போர்ட் தனி ஜிபியுவோடு இணைந்திருக்கும், கேபிள் செருகியிருக்கும் வரை அது தூங்காது.

லினக்ஸில் டூரிங் தலைமுறை (ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 வரிசை) முதல், சும்மா இருக்கும் ஜிபியுவை என்விடியா டிரைவரே தூங்க வைக்கும். ஜிபியு விழித்திருக்கிறதா என்று காட்டும் ரன்டைம் ஸ்டேட்டஸ் கோப்பில் 'சஸ்பெண்டட்' என்று வர வேண்டும். வரவில்லையென்றால் அதே கார்டின் ஹெச்டிஎம்ஐ ஆடியோ பகுதிக்கும் பவர் கண்ட்ரோல் 'ஆட்டோ'வில் இருக்கிறதா பாருங்கள்; அது விழித்திருந்தால் கார்டு முழுவதும் விழித்திருக்கும்.

இதெல்லாம் சரியான பிறகு மற்றவை. ரெஃப்ரெஷ் ரேட்டை 165லிருந்து 60 ஹெர்ட்ஸுக்குக் குறைத்தால் ஓரிரு வாட் மிச்சம். பேட்டரியில் மட்டும் ப்ராசஸரின் உச்ச அளவை 99 சதவீதம் ஆக்கினால் தேவைப்படும்போது வேகத்தைக் கூட்டும் டர்போ நின்றுவிடும். பிரவுசிங்குக்குப் போதும், கம்பைல் செய்பவர்களுக்கு மந்தமாகத் தெரியும். அண்டர்வோல்ட் செய்வது, அதாவது ப்ராசஸருக்குப் போகும் வோல்டேஜைக் குறைப்பது, கனமான வேலை ஓடும்போதுதான் உதவும், சும்மா இருக்கும்போது பெரிதாக ஒன்றும் இல்லை.

நாள் முழுக்க சார்ஜரிலேயே ஓடும் மெஷினுக்கு சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில் நிறுத்துவது அவசியம். 100 சதவீத சார்ஜும் கேம் சூடும் சேர்ந்தால் செல்கள் வேகமாகத் தேயும். விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட்டில் டிசைன் கெப்பாசிட்டியையும் ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டியையும் ஒப்பிடுங்கள். 90 இருக்க வேண்டிய இடத்தில் 60 காட்டினால், எந்த செட்டிங்கும் அந்த 30ஐத் திருப்பித் தராது; பேட்டரியை மாற்றத்தான் வேண்டும்.