அவிமோரில் அரை நாள்: எந்த ஏரிக்கு நடப்பது?

ஸ்காட்லாந்தில் அவிமோர் ஸ்டேஷனில் இறங்கி, கையில் அரை நாளை மட்டும் வைத்துக்கொண்டு, "பைன் காட்டுக்குள் கொஞ்சம் நடந்து ஒரு ஏரிக்கரைக்குப் போகணும், எங்கே போகலாம்?" என்று கேட்டால் மூன்று பெயர்கள் வரும். லாக் மார்லிக், லாக் அன் எலன், லாக்கன் உவான்யா. ஏரிக்கு அங்கே லாக் என்று பெயர். சின்னதாக இருந்தால் லாக்கன்.

மார்லிக்கை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். மலைக்கு நடுவே மணல் கடற்கரை மாதிரி அழகான இடம்தான். ஆனால் சாலையை விட்டு இறங்கினால் மணல். குளிக்கவும் படகு ஓட்டவும் போகலாம். நடை என்று சொல்ல மனசு வரவில்லை.

போட்டி மற்ற இரண்டுக்கும்தான். எலனில் ஏரி ஆரம்பத்திலேயே கண்ணில் பட்டுவிடும். வண்டி நிறுத்தக் காசு கட்டிவிட்டுச் சில நிமிடம் நடந்தால் கரை. அதற்குப் பிறகுதான் காடு. ஏறக்குறைய 5 கிலோமீட்டர் சுற்றுப்பாதை, பெரிய ஏற்றம் கிடையாது, தண்ணீர் மரங்களுக்கு இடையே கூடவே வரும். பழைய கலிடோனியக் காட்டின் மிச்சமான ஸ்காட்ஸ் பைன், அடியில் ஹெதர் புதர், அதிர்ஷ்டம் இருந்தால் சிவப்பு அணில். நடுவே சின்னத் தீவில் இடிந்த கோட்டை. எலன் என்றாலே தீவுதான்.

அந்தக் கோட்டைக்கு ஒரு சோகக் கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அதன் சுவர்மேல் ஆஸ்ப்ரே என்னும் மீன்பிடி கழுகு கூடு கட்டிவந்தது. முட்டை சேகரிக்கிறவர்கள் குளிர்ந்த நீரில் நீந்திப் போயாவது திருடிவந்தார்கள். 1899க்குப் பிறகு அங்கே கூடே இல்லை. கழுகுகள் அவிமோர் இருக்கும் ஸ்பே பள்ளத்தாக்குக்குத் திரும்பியது 1954இல், அதுவும் பக்கத்து லாக் கார்ட்டனுக்கு. நீரைக்கூட மனிதர்கள் விட்டுவைக்கவில்லை. வெட்டிய பைன் மரங்களை ஸ்பே ஆற்றில் மிதக்கவிடுவதற்காக மதகு கட்டி ஏரி மட்டத்தை உயர்த்தினார்கள். எதிர்க்கரையில் இப்போது தெரியும் அமைதிக்குப் பின்னால் இத்தனை இருக்கிறது என்பதுதான் எனக்கு எலனில் பிடித்தது.

உவான்யா இதற்கு நேரெதிர். மார்லிக் பக்கத்துச் சிற்றூரான கிளென்மோரிலிருந்து ரைவோன் கணவாய்ப் பாதையில், போக இரண்டரை கிலோமீட்டர், வர அதே அளவு. பாதை அகலம், இரு பக்கமும் சரிவு நெருங்கிக்கொண்டே வரும். ஏரி எங்கே என்று தேடும்போது சட்டென்று கீழே பச்சையாக ஒரு நீர்ப்பரப்பு. படியிறங்கினால் கரை. தேவதைகள் தங்கள் பச்சைத் துணிகளை அதில் துவைத்ததால் வந்த நிறம் என்பது ஊர்க்கதை. அதை ஐந்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிடலாம் என்பது குறைதான். இன்னும் தெம்பிருந்தால் பழைய ரைவோன் குடில் வரை போகலாம். ஒரு காலத்தில் திருடர்கள் மாடுகளை ஓட்டிப்போன 'திருடர் பாதை' இந்தக் கணவாய் வழியாகத்தான் போனதாம். அதே பாதை எலன் கரையையும் தொட்டுக்கொண்டு வந்தது என்பார்கள். திருடர்களுக்கு இந்தத் தேர்வுக் குழப்பமெல்லாம் இருந்திருக்காது.

காட்டைக் கடந்து நீரைக் கண்டடைவதுதான் வேண்டும் என்றால் என் ஓட்டு உவான்யாவுக்கு. வண்டி இல்லாதவர்களுக்கும் அதுதான் வசதி. அவிமோரிலிருந்து கிளென்மோருக்கு பஸ் உண்டு. எலனுக்கு அப்படி இல்லை, நடந்தே போவதென்றால் அரை நாள் போதாது. வயதானவர்களோ குழந்தைகளோ கூட வந்தால் மட்டும் டாக்சி வைத்தாவது எலனுக்குப் போங்கள். அலுத்தால் எந்த இடத்திலும் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், வந்த வழியே திரும்பலாம்.

ஒரு விதிவிலக்கு. ஜூலை, ஆகஸ்ட் சாயங்காலத்தில் மரத்தடியில் இலைகூட அசையவில்லை என்றால் மிட்ஜ் என்னும் பொடிப்பூச்சி மொய்த்துக் கடிக்கும். லேசான காற்றிலேயே அதற்குப் பறக்க வராது. அன்றைக்குக் காட்டை மறந்துவிட்டு, காற்று கொஞ்சமாவது வீசும் மார்லிக் மணலுக்கே போய்விடுங்கள்.