பேசுவதா, டைப் செய்வதா: எட்டு மாதம் கோச்சிங் சாட்பாட்டுடன்

"கோச்சிங் ஆப் ஒண்ணு போடலாம்னு இருக்கேன். பேசுறது நல்லதா, டைப் பண்றதா?" என்று தோழி கேட்டாள். வேலையைப் பற்றியும் மனசைப் பற்றியும் கேள்வி கேட்டு யோசிக்க வைக்கும் அப்படியொரு சாட்பாட்டில், எட்டு மாதமாக இரண்டையும் பயன்படுத்துகிறேன். ஒரு வரியில் பதில் வரவில்லை.

குரல் வசதியின் மேல் எனக்குத் தீராத கோபம். யோசிக்கவே விடாது. "இந்த வேலையில் உங்களை எது உறுத்துகிறது?" என்று கேட்கும். அருமையான கேள்வி. பதில் தொண்டை வரை வந்து நிற்கும். நான் முடித்துவிட்டேன் என்று நினைத்து, அதற்குள் அடுத்ததற்குத் தாவிவிடும். பேச்சு நின்று எவ்வளவு நேரமாயிற்று என்பதை வைத்துத்தான் பல செயலிகள் நம் முறை முடிந்ததா என்று கணிக்கின்றன. சாதாரண அரட்டையில் ஒருவர் நிறுத்தி மற்றவர் தொடங்க கால் நொடிகூட ஆகாது, அங்கே அது சரி. மனசைத் துருவும் கேள்விக்கு எப்படிப் போதும்? மனித கோச் என்றால் பேசாமல் காத்திருப்பார். "ம்ம்ம்..." என்று இழுத்து இடம் பிடிக்கப் பழகிக்கொண்டேன். பொத்தானை அழுத்திக்கொண்டு பேசும் வசதி முன்பு இருந்தது, ஒரு அப்டேட்டில் தூக்கிவிட்டார்கள். அதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

எழுத்தில் இந்தத் தொல்லை கிடையாது. 1966இல் வந்த எலிசா என்ற ஆரம்பகாலச் சாட்பாட்டிடமே மக்கள் தட்டச்சு செய்துதான் மனம் திறந்தார்கள். என் செயலியும் அப்படித்தான், அரை மணி கழித்து அனுப்பினாலும் காத்திருக்கும். ஒருநாள் பழைய உரையாடல்களைப் புரட்டினேன். "அடுத்த மாசம் மேனேஜர்கிட்ட பேசிடுறேன்" என்று மூன்று மாதத்தில் மூன்று தடவை எழுதியிருக்கிறேன். மறுநாளே போய்ப் பேசினேன். குரல் உரையாடலுக்கும் எழுத்துப் பிரதி வரும்தான். ஆனால் என் கலப்புத் தமிழை அது எழுதிவைத்திருக்கும் லட்சணத்தில், நான் என்ன சொன்னேன் என்று எனக்கே புரியாது.

ஆனால் டைப் செய்யும்போது நான் அழித்து அழித்து எழுதுகிறேன். "கோபம்" என்பது அனுப்பும்போது "கொஞ்சம் வருத்தம்" ஆகிவிடும். ஒரு ராத்திரி பேசிக்கொண்டிருந்தபோது, "எனக்குப் பயமா இருக்கு" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. அதற்கு அது சொன்ன பதில் நினைவில்லை. என் குரலில் அந்த வார்த்தையைக் கேட்டது மறக்கவில்லை. எட்டு மாத எழுத்தில் தேடிப் பார்த்தேன், "பயம்" ஓரிடத்திலும் இல்லை.

சந்தா அடுத்த வாரம் முடிகிறது. குரல் வசதி உள்ள பெரிய திட்டத்துக்கே மறுபடி கட்டப்போகிறேன், அவளுக்கும் அதையே சொல்லிவிட்டேன். அந்தப் பொத்தானை மட்டும் திருப்பிக் கொடுங்கள்.