குளோரினா, புரோமினா: ஓசோனுக்கு எது பெரிய எதிரி?

அணுவுக்கு அணு பார்த்தால் புரோமின்தான் கொடியது, குளோரினைவிட ஏறத்தாழ 60 மடங்கு. ஆனால் ஸ்ட்ராட்டோஸ்பியரில் (ஓசோன் படலம் இருக்கும் வளிமண்டல அடுக்கில்) குளோரின் நூறு கோடியில் சுமார் 3 பங்கு. புரோமினோ இலட்சம் கோடியில் சுமார் 20 பங்குதான். எனவே மொத்தச் சேதத்தில் குளோரினே முந்துகிறது.

இரண்டும் ஓசோனிடமிருந்து ஓர் ஆக்சிஜன் அணுவைப் பறித்து மோனாக்சைடாகின்றன. பிறகு அதைத் தனி ஆக்சிஜன் அணு போன்றவற்றிடம் கைவிட்டு, அடுத்த ஓசோனைத் தேடுகின்றன. வேறுபாடு, இடையில் எங்கே ஒதுங்குகின்றன என்பதில் இருக்கிறது. குளோரின் அணு மீத்தேனுடன் வினைபுரிந்து ஹைட்ரஜன் குளோரைடாக அடங்கிவிடும். குளோரின் மோனாக்சைடு நைட்ரஜன் டைஆக்சைடுடன் சேர்ந்து குளோரின் நைட்ரேட் ஆகும். இந்தப் பூட்டைத் திறக்க, சுமார் மைனஸ் 78 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உருவாகும் துருவ மேகங்கள் வேண்டும். அவற்றின் துகள்கள்மேல் இவ்விரண்டும் வினைபுரிந்து குளோரின் வாயு வெளிவரும். தென்துருவ வசந்தகால வெயில் அதைப் பிளக்கும். அண்டார்டிக ஓசோன் துளை செப்டம்பர், அக்டோபரில் விரிவது இதனால்தான்.

புரோமினுக்கு அந்தக் குளிர் அவ்வளவு தேவையில்லை. அது மீத்தேனுடன் வினைபுரிவதில்லை. புரோமின் நைட்ரேட் பகலொளியில் சீக்கிரம் உடைந்துவிடும். தனி ஆக்சிஜன் அணு அரிதான துருவத்தில் குளோரின் மோனாக்சைடும் புரோமின் மோனாக்சைடும் ஒன்றோடொன்று வினைபுரிந்தும் சுழற்சியைத் தொடர்கின்றன. தனித்தனியாகக் கணக்கிட்டால் இந்தக் கூட்டைத் தவறவிடுவோம்.

மூலத்திலும் வேறுபாடு உண்டு: குளிர்பதனத்தில் இருந்த, குளோரின் தரும் சிஎப்சி-12 சுமார் 100 ஆண்டு நிலைக்கும். தீயணைப்புக்கான, புரோமின் தரும் ஹாலான்-1301, ஓசோனைக் காக்கும் மாண்ட்ரியல் ஒப்பந்தக் கணக்கில், குளோரின் தரும் இன்னொரு சேர்மமான சிஎப்சி-11ஐவிட 10 மடங்கு கேடு செய்வது.