உடைந்த முன்பல்லுக்கு பாண்டிங்: மதுரையில் ஒரு சின்ன கிளினிக்

பொங்கல் கரும்பைக் கடித்தபோது மேல்வரிசை முன்பல்லின் ஓரம் அரிசிக் குருணை அளவுக்குத் தெறித்துவிட்டது. வலி இல்லை, ஆனால் நாக்கு ஓயாமல் அங்கேயே போய் நிற்கும், போட்டோ என்றால் வாயைத் திறக்காமல் சிரிப்பேன். முதலில் போன இடத்தில் (பெயர் வேண்டாம்) எக்ஸ்ரேகூட எடுக்காமல் ரூட் கெனால், கேப், பதினாலாயிரம் என்றார்கள். கேப் போட நல்ல பல்லையும் சுற்றி ராவ வேண்டும், ராவியது திரும்ப வளராது. குருணைக்கு இவ்வளவா என்று எழுந்து வந்துவிட்டேன்.

அப்புறம் போனது மாடியில் ஒரே நாற்காலி உள்ள கிளினிக். டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்து, பல்லில் குளிர்ச்சி வைத்தும் பார்த்துவிட்டு, "எனாமல்தான் போயிருக்கு தம்பி, காம்போசிட் வெச்சு ஒட்டிரலாம், ஊசிகூட வேண்டாம்" என்றார். காம்போசிட் என்றால் பல் நிறத்தில் உள்ள, லைட் அடித்தால் இறுகும் குழைவு. அதை இப்படி ஒட்டுவதுதான் பாண்டிங்.

எனக்குப் பிடித்தது, வேலையைத் தொடங்கும் முன்பே ஷேடு பார்த்ததுதான். பல் ஈரமாக இருக்கும்போதே ஜன்னல் வெளிச்சத்தில் நிற்க வைத்து, ஒரு பொட்டு காம்போசிட்டைப் பசை இல்லாமல் சும்மா வைத்து லைட் அடித்து, நிறம் சரிதானா என்று பார்த்துவிட்டுப் பெயர்த்தும் எடுத்தார். பல் காய்ந்தால் வெளுத்துத் தெரியுமாம். அப்போது நிறம் பார்த்து ஒட்டினால் மறுநாள் ஒட்டு மட்டும் தனியாகப் பல்லிளிக்கும். பிறகு உடைந்த விளிம்பை மட்டும் லேசாகச் சரித்து, பாஸ்பாரிக் ஆசிட் ஜெல் தடவிக் கழுவினார். அது எனாமலில் கண்ணுக்குத் தெரியாத குழிகளைப் போடும், பசை அதில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். 1955-ல் பியூனகோர் என்பவர் சொன்ன வழி, இன்றைக்கும் அடிப்படை அதுதான். உள்ளே கொஞ்சம் மங்கலான நிறம், மேலே ஒளி ஊடுருவும் நிறம் என்று அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொன்றுக்கும் நீல லைட். கடைசியில் கலர் பேப்பரைக் கடிக்க வைத்து, இடித்த இடத்தைத் தேய்த்தார். ஐம்பது நிமிஷம், 2,500 ரூபாய்.

குறை? நாலரை மணி அப்பாயின்ட்மென்டுக்கு உள்ளே கூப்பிட்டது ஐந்தே முக்காலுக்கு. பாலிஷுக்கு மறுவாரம் வரச் சொன்னதால் அதுவரை ஓரம் நாக்கில் சொரசொரவென்று உறுத்தியது.

ஏழு மாதமாகிறது, ஒட்டு நிற்கிறது. ஒட்டின ஓரத்தில் மெல்லிய பழுப்புக் கோடு விழுந்திருக்கிறது, அது என் டீயின் வேலை, பாலிஷ் செய்தால் போய்விடும் என்கிறார். ஆயுசுக்கும் நிற்காது, சில வருஷத்தில் மறுபடி ஒட்ட வேண்டியிருக்கும் என்றும் முதல் நாளே சொல்லிவிட்டார். தூக்கத்தில் பல் கடிப்பவர்கள், நகம் கடிப்பவர்கள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அவர்களுக்கு ஒட்டு சீக்கிரம் பெயர்ந்துவிடுமாம்.