பாட்டியின் வேதாகமமும் பெயர்ப்பலகை இல்லாத பைண்டிங் கடையும்

அவசரக்காரர்களுக்கு முதலில் கடை விவரம். மலேசியாவில், பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் கார்னார்வன் தெருவை ஒட்டி ஒரு சந்து. பெயர்ப்பலகை கிடையாது. சாவி வெட்டுகிறவர் கடைக்குப் பக்கத்தில் பாதி இழுத்துவிட்ட இரும்புக் கதவு, வாசலில் சிவப்புச் சாமிமாடம், ஊதுபத்தி, உள்ளே ஒரு திருகு பிரஸ். எழுபதைத் தாண்டிய ஒரு சீன அப்பேக் (சீனத் தாத்தாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்), அவர் ஒருவர்தான் முதலாளி, தொழிலாளி எல்லாம். ரொக்கம் மட்டும். போன் எடுக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை திறக்க மாட்டார். மூன்று வாரம் என்பார், ஏழு வாரம் ஆகும். எனக்கு 180 வெள்ளி (ரிங்கிட்) ஆனது, முன்பணம் 50. பழைய புத்தகத்தை நம்பிக் கொடுக்கலாமா என்று கேட்டால், தாராளமாகக் கொடுக்கலாம். காரணம் சொல்லத்தான் இவ்வளவு நீளம். இதில் பாதி பைண்டிங்கைப் பற்றியதே இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நான் கொண்டுபோனது பாட்டியின் வேதாகமம். பாட்டி கூலிம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவள். 1984இல் போய்ச் சேர்ந்தாள். புத்தகம் அவளுடைய தகரப்பெட்டியிலிருந்து அம்மாவின் அலமாரிக்குப் போய், அம்மாவும் போனபின் என்னிடம் வந்தது. அட்டை இல்லை, முதுகு இல்லை, முன்பக்கத் தாள்களும் இல்லை. ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில்தான் ஆரம்பிக்கும். அதாவது எங்கள் குடும்பத்தில் உலகம் படைக்கப்படவே இல்லை, எடுத்த எடுப்பில் பாம்புதான்.

முதலில் கடலுக்கு இந்தப் பக்கம், நான் இருக்கிற பட்டர்வொர்த்திலேயே ஒரு போட்டோகாப்பி கடைக்குப் போனேன். மாணவர்களின் ஆய்வேட்டுக்கு மரூன் அட்டை போட்டுத் தங்க எழுத்து அடித்துக் கொடுப்பார்களே, அந்த மாதிரிக் கடை. முதுகை வெட்டி எடுத்துச் சூட்டுப் பசை ஊற்றுவோம், மூன்று பக்கமும் கட்டரில் விட்டு நேராக்குவோம், ஒரு மணி நேரம், 25 வெள்ளி என்றார்கள். நான் சரி என்றுதான் சொன்னேன். அன்றைக்கு அவர்கள் கட்டர் பழுது. நாளைக்கு வாங்க அங்கிள் என்றார்கள். அந்தப் பழுதால்தான் இந்தக் கதையே.

மறுநாள் வேறு வேலையாக பெர்ரி ஏறித் தீவுக்குப் போனவன், யாரோ சொன்ன ஞாபகத்தில் அந்தச் சந்தைத் தேடிப் போனேன். அப்பேக் புத்தகத்தை வாங்கி எடை பார்க்கிற மாதிரி கையில் வைத்திருந்தார். பிறகு கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, ஓரங்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே போனார். கட்டரில் விட்டு நேராக்க முடியுமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். ஒரு பக்கத்தைத் திருப்பி ஓரத்தைக் காட்டி, “வெட்டினா சாயாங்” என்றார்.

மலாயில் சாயாங் என்றால் வீண், அநியாயம் என்றும் அர்த்தம், பாசம் என்றும் அர்த்தம். அவர் எதைச் சொன்னார் என்று கேட்கவில்லை. அவர் விரல் வைத்த இடத்தில் பென்சிலில் ஏதோ எழுதியிருந்தது. நாற்பது வருஷமாக எங்கள் வீட்டில் இருக்கிற புத்தகம். ஓரத்தில் எழுத்து இருக்கிறது என்பதை, தமிழ் ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாத ஒருவர் எனக்குக் காட்டினார்.

வேலையைப் பற்றி. பழைய வச்சிரப் பசை கண்ணாடி மாதிரி காய்ந்து உடைந்திருந்தது. அதை ஈரத்தில் ஊறவைத்துச் சுரண்டி எடுத்துவிட்டு, தாள்களைக் கட்டுக் கட்டாகப் பிரித்து, கிழிசல்களுக்கு வெங்காயத் தோல் போன்ற மெல்லிய ஜப்பான் காகிதம் ஒட்டி, மறுபடி நூலால் தைத்திருக்கிறார். பசை கோதுமை மாவில் காய்ச்சினது. சூட்டுப் பசை ஏன் வேண்டாம் என்று கேட்டேன். மாவுப் பசையில் தண்ணீர் தொட்டால் விட்டுவிடும், எனக்குப் பிறகு வருகிறவன் இதைப் பிரிக்க வேண்டியிருக்கும் இல்லையா என்றார், ஹொக்கியன் சீனம் பாதி மலாய் பாதியாக. தன்னுடைய வேலையை இன்னொருவன் ஒருநாள் பிரிப்பான் என்று தெரிந்தே செய்கிற ஆளை நான் எங்கள் சபைக் கமிட்டியில் பார்த்ததில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நான் துறைமுகத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். சபையில் 22 வருஷம் பொருளாளர். காணிக்கை, தசமபாகம், கட்டட நிதி, கல்லறைத் தோட்டச் செலவு என்று எல்லாவற்றுக்கும் தனித்தனி லெட்ஜர். ஒரு சென் உதைத்தால்கூடத் தூக்கம் வராது. வருடாந்தரக் கூட்டத்தில் சந்தா பாக்கி வைத்தவர்களின் பெயர்ப் பட்டியலைப் படிப்பது வழக்கம். நான் கொண்டுவந்த வழக்கமில்லை, ஆனால் நான்தான் நன்றாகப் படித்தேன். ஒரு வருஷம், புருஷன் செத்து எட்டு மாதமான ஒரு அம்மாவின் பெயரைப் படித்தேன். பதினொரு மாதப் பாக்கி. அந்த அம்மா எழுந்து, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். நான் அடுத்த பெயரைப் படித்தேன்.

ஏழாவது வாரம் புத்தகத்தை வாங்கப் போனபோது, அப்பேக் கூடவே ஒரு பிஸ்கட் டின்னையும் கொடுத்தார். தாள்களுக்கு நடுவிலிருந்து விழுந்ததையெல்லாம் அதில் சேர்த்து வைத்திருந்தார். நரம்பு மட்டும் மிஞ்சிய ஒரு ரப்பர் இலை, பஸ் டிக்கெட், ஒரு குழந்தையின் முடி, பிறகு மூன்று சந்தா அட்டைகள். மூன்றிலும் பாதிக்கு மேல் கட்டங்கள் காலி. பாட்டிக்கும் பாக்கி இருந்திருக்கிறது. பாக்கி தீர்கிற வரை திருவிருந்து கிடையாது என்று ஒரு காலத்தில் அவளை நிறுத்தி வைத்ததாக அம்மா சொல்லியிருக்கிறார். நான் அதை அம்மாவின் கோபப் பேச்சு என்று விட்டிருந்தேன்.

இரவு வீட்டில் உட்கார்ந்து பென்சில் எழுத்துகளைத் தேடினேன். பாட்டி தோட்டத்து ராப்பள்ளியில் நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவள். புள்ளி வைக்க மாட்டாள், ணகர னகரம் எல்லாம் அவளுக்கு ஒன்றுதான். நிறைய இடங்களில் வெறும் கோடு. சில இடங்களில் ஒரு சொல். வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களை இயேசு கூப்பிடுகிற மத்தேயு 11இல், “வந்துட்டேன்.” சங்கீதம் 88இன் ஓரத்தில், “ஆமா.” சங்கீதங்களில் கடைசி வரி வரைக்கும் விடியாமல், இருட்டிலேயே முடிகிற சங்கீதம் அது. பிரசங்கத்தில் யாரும் எடுக்க மாட்டார்கள். பக்கத்தில் தேதி கிடையாது. என் பெரியப்பா பதினேழு வயதில் காய்ச்சலில் போனதும் அதுவும் ஒன்றாக இருக்கும் என்பது என் ஊகம். யோவான் பத்தில், மேய்ப்பன் தன் ஆடுகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற இடத்தில், அவளுடைய பெயரையே எழுதி வைத்திருக்கிறாள். ஒரு ஒற்றெழுத்து விட்டுப்போயிருக்கிறது.

அந்தப் பக்கத்தில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். நானும் பெயர் படித்தவன்தானே.

சின்ன வயதில் அவளோடு காலை நாலரைக்கு மரத்துக்குப் போயிருக்கிறேன். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் பட்டையைச் சீவிக்கொண்டே பேசிக்கொண்டு வருவாள். “ஏம்ப்பா, பாத்துக்கிட்டுத்தானே இருக்கே, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறியே” என்பாள். என்னிடம் பேசுகிறாள் என்று “என்ன பாட்டி” என்பேன். “உங்கிட்ட இல்லடா” என்பாள். கொஞ்சம் மறை கழன்ற கேஸ் என்று தொழிலாளர் லயத்தில் ஒரு பேச்சு உண்டு. போதகர் மாதம் ஒருமுறை வரும்போது மட்டும் அவள் வாயைத் திறக்க மாட்டாள். அவர் செந்தமிழில் ஜெபித்து முடிக்கிற வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள்.

கிறிஸ்துவோடு தனிப்பட்ட உறவு என்பதெல்லாம் கடைவீட்டு மாடியில் கூடுகிற புதுச் சபைகளில் கித்தாரோடு வந்து சேர்ந்த புதுப்பேச்சு என்றுதான் நான் கமிட்டியில் வாதாடி வந்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்பது இந்தப் புத்தகத்தின் பூர்வீகத்தைத் தேடப் போய்த்தான் உறைத்தது. பாட்டியிடம் இருந்தது 1871இல் வெளிவந்த பவர் ஐயர் குழுவின் திருப்புதல், இன்றைக்கும் பெரும்பாலான சபைகளில் படிப்பது அதுதான். அதற்கும் முந்திய வேர், 1706 ஜூலையில் தமிழ்நாட்டுத் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி சீகன்பால்க். ஜெர்மனியில் அவர் வளர்ந்த கூட்டமே, சடங்கும் கோட்பாட்டுச் சண்டையும் போதாது, மனசு திரும்ப வேண்டும் என்று சொன்ன கூட்டம். 1670களிலேயே ஸ்பேனர் என்ற போதகர் பிராங்பர்ட்டில் ஆட்களை வீட்டில் உட்காரவைத்து வேதம் படிக்கச் செய்திருக்கிறார். சீகன்பால்க் தரங்கம்பாடித் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகளோடு மணலில் எழுதி அ, ஆ படித்தார். 1708இல் அவரைச் சிறையில் போட்டது யார்? தரங்கம்பாடிக் கோட்டையின் டேனிஷ் அதிகாரி, அவரும் கிறிஸ்தவர்தான். நான்கு மாதம் உள்ளே. வெளியே வந்தும் விடவில்லை, 1711இல் புதிய ஏற்பாட்டை முடித்துவிட்டார். ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து வந்த தமிழ் அச்செழுத்து பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், அங்கேயே சின்ன எழுத்து வார்த்து 1715இல் அச்சிட்டு முடித்தார்கள். 36 வயதில் செத்தும் போனார்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியும் அப்படித்தான். குருப்பட்டம் பெற்று பத்து வருஷம் ஆனபிறகு, 1738 மே 24 ராத்திரி, லண்டனில் ஒரு சின்னக் கூட்டத்தில் யாரோ வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் நெஞ்சு சூடானது என்று எழுதி வைத்திருக்கிறார். பத்து வருஷம். எனக்கு 22. பரவாயில்லை.

சரி, கடைவீட்டு சபைக்குத்தான் போய்ப் பார்ப்போமே என்று மூன்று மாதம் போனேன். மதம் வேண்டாம், உறவு போதும் என்று சுவரிலேயே எழுதியிருந்தது. ஏர்கோன் நன்றாக இருந்தது, பாட்டும் நன்றாக இருந்தது, என்னைக் கட்டிப்பிடித்து வரவேற்றார்கள், அதில் பொய் இல்லை. இரண்டாம் வாரம் ஒரு விவரப் படிவம் நிரப்பச் சொன்னார்கள். மூன்றாம் வாரம் வாட்ஸாப் குழு. ஐந்தாம் வாரம் எனக்கென்று ஒரு எண் போட்ட காணிக்கை உறை வந்தது. பாவம், அதைக் கொடுத்த தம்பிக்கு நான் யாரென்று தெரியாது. எண் போட்ட உறையை எங்கள் சபையில் கொண்டுவந்தவனே நான்தான்.

அமைப்பே வேண்டாம் என்று சொல்லவும் எனக்கு நா எழவில்லை. அச்செழுத்து வார்க்க ஒரு அமைப்பு வேண்டியிருந்தது, கப்பலில் காகிதம் அனுப்ப ஒன்று, தோட்டத்தில் ராப்பள்ளி நடத்த ஒன்று. அதெல்லாம் இல்லாவிட்டால் பாட்டி எதில் எழுதியிருப்பாள்? ஆனால் அவள் அமைப்புக்கு எழுதவில்லை. அட்டையில் காலிக் கட்டமும் ஓரத்தில் “வந்துட்டேன்” என்பதும் ஒரே கைக்குச் சொந்தம். பொருளாளராக நான் அட்டையை மட்டும்தான் பார்த்திருப்பேன்.

கமிட்டியிலிருந்து விலகிவிட்டேன். சபையை விடவில்லை, கடைசி வரிசையில் உட்காருகிறேன். எழுந்துபோன அந்த அம்மாவின் வீட்டைத் தேடிப் போனேன். வாசலிலேயே வைத்துப் பேசினார், உள்ளே கூப்பிடவில்லை. அதில் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. இப்போது காலை ஐந்தரைக்குக் கோப்பி கலக்கி வைத்துவிட்டு புத்தகத்தைத் திறக்கிறேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. முதல் இரண்டு வாரம் கமிட்டிக் கூட்டத்தை ஆரம்பித்து வைக்கிற ஜெபம்தான் வாயில் வந்தது, “கிருபையும் இரக்கமும் நிறைந்த” என்று. பாட்டி மாதிரி “ஏம்ப்பா” என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது, சமையலறையில் மனைவி காதில் விழுந்திருக்குமோ என்று எட்டிப் பார்த்தேன். பெரும்பாலான நாட்களில் ஒன்றும் நடப்பதில்லை. சில நாள் கோப்பி ஆறிப்போனது தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

பைண்டிங்கின் குறைகளைச் சொல்லாவிட்டால் விமர்சனம் ஆகாது. நாடா ரிப்பன் இரண்டு அங்குலம் குட்டை, கீழே எட்டவில்லை. கறுப்பு ரெக்ஸின் அட்டை புதிதில் பிளாஸ்டிக் நாற்றம் அடித்தது, பத்து நாளில் போய்விட்டது. அட்டையில் தங்க எழுத்து இல்லை. அவரிடம் ஆங்கில அச்சும் சீன அச்சும்தான் இருக்கின்றன, தமிழ் இல்லை. ஆங்கிலத்தில் அடிக்கட்டுமா என்றார், வேண்டாம், மொட்டையாகவே இருக்கட்டும் என்றேன். புதுக் காகிதம் சேர்த்த இடங்களில் புத்தகம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. தையல் மட்டும் அபாரம். எந்தப் பக்கத்தில் திறந்தாலும் மேசையில் படுத்துக்கொள்ளும், கையால் அழுத்த வேண்டியதில்லை. போகிறவர்கள் சனிக்கிழமை காலை பத்துக்கு மேல் போங்கள், அதற்குமுன் பசியாறப் போயிருப்பார். காரில் போகாதீர்கள், நிறுத்த இடம் கிடைக்காது.

இன்னொன்று. எண்ணாகமத்தில் இரண்டு தாள் இடம் மாறித் தைத்திருக்கிறது. படிக்கத் தெரியாத எழுத்தை எண்ணைப் பார்த்து அடுக்கியவர், அந்த இடத்தில் பக்க எண் கிழிந்திருந்தது, அவர்மேல் தப்பில்லை. போய்க் காட்டினேன். இரண்டு நாள் வைத்துவிட்டுப் போ, காசு வேண்டாம், பிரித்துத் தைத்துத் தருகிறேன் என்றார். அது நடந்து ஒரு மாதம் ஆகிறது. இரண்டு தடவை பையில் போட்டுக்கொண்டு பெர்ரி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அவர் சொன்ன இரண்டு நாள் எத்தனை வாரம் ஆகும் என்று எனக்குத் தெரியும்.