மூக்குல சதைன்னு எடுத்தாங்களா? பயாப்ஸி (எடுத்த சதையில கேன்சர் இருக்கான்னு லேப்ல பார்க்குற டெஸ்ட்) ரிப்போர்ட்டை கையில வாங்குங்க

கோபத்துலதான் எழுதுறேன். எங்க மாமா தச்சு வேலை, தேக்கும் வேம்பும் இழைச்சே 30 வருஷம் போச்சு. போன வருஷம் ஆடியில வலது பக்க மூக்கு மட்டும் அடைச்சுது, சிந்துனா லேசா ரத்தம். ஊர்ல இருக்குற ஒரு காது மூக்கு தொண்டை கிளினிக்ல "சைனஸ்தான்"னு ஆன்டிபயாடிக், ஸ்ப்ரே, ஆவி பிடின்னு நாலு மாசம் ஓட்டுனாங்க. அப்புறம் சதை வளர்ந்திருக்குன்னு 60,000 ரூபா பேக்கேஜ் பேசி எடுத்தும் விட்டாங்க.

ரெண்டு மாசம்கூட ஆகல, வலது கண்ணுல சும்மாவே தண்ணி வடியுது, மேல்பல் ஒண்ணு ஆடுது, கன்னம் மரத்துப் போச்சு, போய் சொன்னா "ஆபரேஷன் பண்ண இடம், அப்படித்தான் இருக்கும்"ங்குறாங்க. ஒரு நாள் பட்டறையில பலகை நேரா இருக்கான்னு பார்த்துட்டிருந்தவர் "மாப்ள, ஒத்தக் கண்ணை மூடுனா சரியா இருக்கு, ரெண்டையும் தொறந்தா பலகை ரெண்டா தெரியுதுடா"ன்னார். கிட்டப்போய் பார்த்தா வலது கண்ணு முன்னாடி பிதுங்கி நிக்குது.

கண் டாக்டர் பார்த்த உடனே சி.டி. எடுக்கச் சொன்னார். சைனஸ்ல கட்டி, கண் குழிக்குள்ளயே போயிருச்சு, நடுவுல இருக்குற எலும்பு பேப்பர் கணக்கா மெல்லிசுதானாம். மரத்தூளால மூக்கு, சைனஸ் கேன்சர் வரும்னு உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு 1995லயே சொல்லிருச்சு, ஃபைல்ல தச்சு வேலைன்னு எழுதி வச்சவங்களுக்கு ஒரு தடவைகூட தோணலையா?

பெரிய ஆஸ்பத்திரியில முதல்ல கேட்டதே "பழைய ஆபரேஷன் பயாப்ஸி ஸ்லைடு எங்க?"ன்னுதான், அதாவது எடுத்த சதையை லேப்ல சீவி வச்ச கண்ணாடித் துண்டு. கிளினிக்ல இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்து, கடைசியில "சாதா சதைதானே, அனுப்பலை"ன்னுட்டாங்க. வீட்டுல பில்லைத் தேடி எடுத்தா பயாப்ஸிக்குன்னு 1,800 ரூபா தனியா போட்டு வாங்கியிருக்காங்க! சதையைக் குப்பையில போட்டுட்டு டெஸ்ட்டுக்குக் காசு.

கட்டி கண்ணைச் சுத்தியிருக்குற சவ்வைத் தாண்டி கொழுப்பு, தசை வரைக்கும் போயிட்டதால மேல்தாடையோட கண்ணையும் எடுத்துட்டாங்க, இப்ப ரேடியேஷன் போயிட்டிருக்கு. சவ்வைத் தாண்டாம இருந்திருந்தா கண்ணை விட்டு வச்சிருக்கலாம்னு சர்ஜன் சொன்னதை மாமாகிட்ட இன்னும் யாரும் சொல்லலை.

யாருக்காவது ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, ரத்தம், கண்ணுல தண்ணின்னு இருந்தா ஆவி பிடிச்சுட்டு உக்காராதீங்க, எண்டோஸ்கோப்பும் (மூக்குக்குள்ள கேமரா குழாய் விட்டுப் பார்க்குறது) ஸ்கேனும் கேளுங்க. சதை எடுத்தா எந்த லேப்புக்குப் போகுதுன்னு கேட்டு, ரிப்போர்ட் கைக்கு வர்ற வரைக்கும் விடாதீங்க, பில்லையும் தூக்கிப் போடாதீங்க.

பில் காப்பியோட மெடிக்கல் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பியாச்சு. நேத்து கிளினிக்ல இருந்து போன், அந்த 1,800ஐ வந்து வாங்கிக்கச் சொல்றாங்க.