கோர்செயர் வெஞ்சன்ஸ் எல்பிஎக்ஸ் 32 ஜிபி ரேம்: ரெவிட் ஓட்டும் ஒரு சின்ன ஆபீஸின் அனுபவம்

தண்டையார்பேட்டையில் மாடியில் பத்துக்குப் பதினாலு அடி அறை, மூன்று சிஸ்டம், ஒரு ஏ3 பிரிண்டர், இதுதான் எங்கள் டிராயிங் ஆபீஸ். வீடு கட்டுகிறவர்களுக்கு அப்ரூவல் பிளான், மணலிப் பக்கம் ஷெட் போடுகிறவர்களுக்கு பேப்ரிகேஷன் டிராயிங், அப்புறம் இரண்டு வருஷமாக ஒரு ஆர்க்கிடெக்ட் கொடுக்கும் ரெவிட் வேலை, அதாவது கட்டடத்தை முழு 3டி மாடலாகச் செய்யும் சாஃப்ட்வேர். முதல் இரண்டும் ஆட்டோகேட் என்ற வரைபட சாஃப்ட்வேர், 16 ஜிபி ரேமில் வழுக்கிக்கொண்டு ஓடும். மூன்றாவதுதான் கழுத்தைப் பிடித்தது. ஸ்டில்ட் பிளஸ் ஃபைவ் (கீழே பார்க்கிங், மேலே ஐந்து மாடி) அபார்ட்மென்ட் ஒன்று, மெயின் ஃபைல் மட்டும் 340 எம்பி, அதில் ஸ்ட்ரக்சுரல் மாடல் தனியாக லிங்க், பிளம்பிங் தனியாக லிங்க். திறந்தால் நீல வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். ஆபீஸில் வேலை பார்க்கும் பொண்ணு ஒரு நாள், "அண்ணா, இது திறக்கிறதுக்குள்ள கீழ போய் டீ குடிச்சிட்டு வந்துடவா?" என்று கேட்டாள். போய் வந்தாள். அப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

சரி, ரேம் பத்தவில்லை என்று உடனே கடைக்கு ஓடவில்லை. ஏற்கெனவே ஒரு தடவை அப்படி ஓடி ஏமாந்தவன் நான். ஆட்டோகேட்டில் ஒரு சர்வே டிராயிங் 48 எம்பி இருக்கிறதே, ரேம் போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்துப் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. பிறகு பார்த்தால் ஃபைல் முழுக்கக் குப்பை. வேண்டாததை நீக்கும் பர்ஜ் கமாண்டுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டு, ஆர் என்று அடித்து, ரெஜ்ஆப் என்று மற்ற புரோகிராம்கள் விட்டுப்போன பதிவுகள் எல்லாவற்றையும் துடைத்து, ஃபைலில் பிழை பார்க்கும் ஆடிட்டும் ஓட்டினேன். 6 எம்பிக்கு இறங்கி வந்தது. எத்தனையோ பேர் கையில் காப்பி பேஸ்ட் ஆகி வந்த டிராயிங்கில் இந்தக் குப்பை இல்லாமல் இருக்கவே இருக்காது. ரேமுக்குக் காசை எடுத்து வைப்பதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள், ஐந்து நிமிஷ வேலை.

ரெவிட் விஷயம் வேறு. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் கீழே கமிட்டட் என்று ஒரு எண் இருக்கும், ஓடுகிற புரோகிராம் எல்லாம் சேர்ந்து கேட்டிருக்கும் மெமரி அது. எல்லாரும் மேலே இருக்கிற சதவீதத்தைத்தான் பார்க்கிறார்கள், பார்க்க வேண்டியது இந்த எண். என்னிடம் இருந்தது 16 ஜிபி, கமிட்டட் காட்டியது 27. ரேமில் அடங்காததை விண்டோஸ் எஸ்எஸ்டியில் வைத்து எடுத்து வைத்து எடுத்து ஓட்டுகிறது. எஸ்எஸ்டி எவ்வளவு வேகமானாலும் ரேமுக்குப் பக்கத்தில் வராது, டீ குடிக்கப் போன கதை அதனால்தான். ரெவிட் ஆட்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு, ஃபைல் அளவைப் போல இருபது மடங்கு ரேம். 340 எம்பிக்கு ஏழு ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. லிங்க் மாடலுக்குத் தனித்தனியாக இதே கணக்கு, அதற்கு மேல் விண்டோஸ், பக்கத்தில் திறந்து கிடக்கும் ஆட்டோகேட், குரோமில் இருபது டேப், வாட்ஸ்அப். கூட்டிப் பார்த்தால் 27 வந்ததில் ஆச்சரியமே இல்லை. ரெவிட்டைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க்கும் அதற்குக் குறைந்தது 16, நடுத்தரத்துக்கு 32, பெரிய மாடல் என்றால் 64 என்றுதான் போட்டிருக்கிறான்.

இனி நான் செய்த முட்டாள்தனம். கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு வரை யார் போவது என்று, ஆபீஸுக்குப் பக்கத்திலேயே ஒரு கடையில் 16 ஜிபி ஸ்டிக் ஒன்று வாங்கினேன். பெட்டி இல்லை, பில் இல்லை, வெள்ளிக் காகிதக் கவரில் போட்டு "புதுசு சார், பல்க் பேக்" என்று கொடுத்தார். விலை குறைவு, வாயை மூடிக்கொண்டு வாங்கி வந்தேன். இருந்த 8+8-உடன் சேர்த்து 32 ஆகிவிட்டது, பரம சந்தோஷம். நாலு நாள். ஐந்தாம் நாள் மத்தியானம் ரெவிட் சேவ் ஆகிக்கொண்டிருக்கும்போது நீலத் திரை, மெமரி மேனேஜ்மென்ட் என்று எழுதி நின்றது. மறுபடி போட்டேன், ஆட்டோகேட் ஃபேட்டல் எரர் என்று வெளியே தள்ளியது. மறுநாள் காலையில் ரெவிட் ஃபைலே திறக்க மாட்டேன் என்றுவிட்டது, முதல் நாள் பேக்கப்பில் இருந்து எடுத்து ஒரு நாள் வேலையைத் திரும்பச் செய்தோம். ராத்திரி, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐப் பென் டிரைவில் போட்டு ஓடவிட்டுப் போனேன், இலவசப் பதிப்பே நாலு சுற்று ஓடும். காலையில் வந்து பார்த்தால் திரை முழுக்கச் சிவப்பு வரி. புது ஸ்டிக்கைக் கழற்றிவிட்டு ஓட்டினால் ஒரு எரர் இல்லை. கடைக்கு எடுத்துப் போனால், "உங்க போர்டுல பிராப்ளம் சார்." பில் இல்லாதவன் என்னத்தைப் பேச.

ஒன்று சொல்ல வேண்டும், டிராயிங் வேலையில் கெட்டுப்போன ரேமின் ஆபத்தே இதுதான். கேம் விளையாடுகிறவனுக்கு கேம் நிற்கும், திரும்பப் போட்டுக்கொள்வான். நமக்கு ஃபைலுக்குள்ளேயே தப்பு எழுதிச் சேவ் ஆகிவிடும், அது எப்போது கண்ணில் படும் என்று சொல்ல முடியாது. இதைக் கேட்டு ஒரு நண்பர் இசிசி ரேம் போடச் சொன்னார். நல்ல யோசனைதான், தப்பைத் தானே திருத்திக்கொள்ளும் ரேம். ஆனால் என் ஐ5-10400 அதை ஏற்காது, அதற்கென்று இருக்கிற பிராசசரும் போர்டும் வேண்டும். எங்களைப் போன்ற ஆபீஸுக்கு ஒழுங்கான ஸ்டிக்கும், போட்ட அன்றைக்கே ராத்திரி முழுக்க ஒரு டெஸ்ட்டும் போதும்.

அப்புறம்தான் ரிச்சி தெரு. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடை. முதல் கடையில் "32 ஜிபி ரேம்" என்றதும் மூன்று பெட்டியை எடுத்து வைத்து, கலர் கலராக லைட் எரியும் 3600 வேக ஸ்டிக்கை என் பக்கம் தள்ளினார்கள். இரண்டாவது கடையில் விலை மட்டும் சொன்னார்கள். மூன்றாவது மாடியில் இருந்த ஒரு சின்னக் கடை, உள்ளே நாலு பேர் நின்றால் மூச்சு முட்டும், அங்கே இருந்த பெரியவர் விலையே சொல்லவில்லை. "என்ன போர்டு தம்பி? என்ன பிராசசர்? எத்தனை ஸ்லாட்? எவ்வளவு பெரிய ஃபைல் திறப்பீங்க?" என்று வரிசையாகக் கேட்டார். பி460 போர்டு, நாலு ஸ்லாட் என்றதும், "அப்ப 3600 வாங்கி என்ன பண்ணப் போறீங்க, 2666-க்கு மேல ஏறாதே" என்றார். உண்மைதான். அந்த போர்டில் 10-வது தலைமுறை ஐ5 போட்டால் மெமரி 2666-ல் நின்றுவிடும், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும். நான் போர்டு வாங்கும்போது இதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வேகத்தைப் பற்றி அவர் போட்டுக் காட்டிய கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினார். 3200-க்கு சிஎல்16, 3600-க்கு சிஎல்18. கேட்ட டேட்டாவைக் கொடுக்க ரேம் எத்தனை சுற்று எடுக்கும் என்பதுதான் சிஎல். சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி வேகத்தால் வகுத்தால் காத்திருக்கும் நேரம் நானோசெகண்டில் வரும். இரண்டுக்கும் பத்து. அடுத்த தலைமுறை ரேமான டிடிஆர்5-ல் 6000, சிஎல்30 என்று பெரிய விலைக்கு விற்கிறதே, அதுவும் பத்துதான். டிடிஆர்5-ல் ஒரே நேரத்தில் அதிக டேட்டா போகும், அது உண்மை, ஆனால் 4800, சிஎல்40 என்று மலிவாக வரும் ஸ்டிக்கில் காத்திருக்கும் நேரம் பதினாறரைக்கு மேல். பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் எண்ணை மட்டும் பார்த்துக் காசு கொடுக்கக் கூடாது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கடைசியில் எடுத்தது கோர்செயர் வெஞ்சன்ஸ் எல்பிஎக்ஸ், கறுப்பு, 16+16, டிடிஆர்4, 3200 சிஎல்16. 3200 எதற்கு, 2666 போதுமே என்று கேட்பீர்கள், அன்றைக்கு 2666-ல் ஜோடி கிடைக்கவில்லை, விலையும் பெரிய வித்தியாசம் இல்லை. பெட்டியில் இருக்கும் மாடல் நம்பரைப் படிக்கவும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். நடுவில் எம்2 என்று இருந்தால் இரண்டு ஸ்டிக் கொண்ட செட், எம்1 என்றால் ஒற்றை. ஒரே 32 ஜிபி ஸ்டிக் வாங்காமல் 16 இரண்டு வாங்குவது டூயல் சேனலுக்காக. இரண்டு வழியில் டேட்டா போகும், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத சிஸ்டத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், ஏனென்றால் திரையும் அதே ரேமில் இருந்துதான் எடுத்துக்கொள்கிறது.

விலையை எழுதிப் பிரயோஜனம் இல்லை. 2025 கடைசியில் இருந்து ஏஐ சர்வர்களுக்கே சிப் எல்லாம் போகிறது, டிடிஆர்4 தயாரிப்பையும் குறைக்கிறார்கள், மைக்ரான் கம்பெனி கிரூசியல் என்ற பெயரில் நமக்கு விற்றுவந்ததையே நிறுத்துவதாக டிசம்பரில் அறிவித்துவிட்டது. பெரியவர் எழுதிக் கொடுத்த கொட்டேஷனில் "இன்று மாலை வரை மட்டும்" என்று கோடு போட்டிருந்தார். 2023-ல் நான் இதே அளவு ஸ்டிக் வாங்கிய பழைய பில் இன்னும் இருக்கிறது, அதை எடுத்துப் பார்க்காமல் இருப்பது உடம்புக்கு நல்லது. ஜிஎஸ்டி பில், அதில் இரண்டு ஸ்டிக்கின் சீரியல் நம்பரும். இந்தத் தடவை கேட்பதற்கு முன்னாலேயே எழுதிக் கொடுத்தார்.

மாட்டுகிற வேலையை நானே செய்தேன். எங்கள் தெருவுக்குக் காசிமேடு கூப்பிடு தூரம், கடல் காற்று சும்மா விடாது, கேபினட் ஸ்குரூ எல்லாம் துரு ஏறி டிரைவர் வழுக்கியது. பழைய ஸ்டிக்குகளைக் கழற்றிப் பார்த்தால் அடியில் தங்க நிறத்தில் இருக்க வேண்டிய பல் வரிசை மங்கிக் கிடந்தது. எல்லாரும் ரப்பர் போட்டுத் தேய்ப்பார்கள், நான் மெடிக்கலில் வாங்கிய ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைத்தேன், துணியில் பச்சையும் கறுப்புமாக வந்தது. புதுசைப் பிராசசரில் இருந்து எண்ணினால் இரண்டாவது, நாலாவது ஸ்லாட்டில் போட வேண்டும், பக்கத்துப் பக்கத்தில் போட்டால் டூயல் சேனல் போச்சு. எல்பிஎக்ஸ் உயரம் குறைவு, என் கூலர் விசிறி முதல் ஸ்லாட் மேல் நீட்டிக்கொண்டிருக்கும், அதற்கும் இடிக்கவில்லை. லைட் வைத்த மாடல் வாங்கியிருந்தால் விசிறியைக் கழற்ற வேண்டி வந்திருக்கும்.

போட்டதும் டாஸ்க் மேனேஜர் 2133 என்று காட்டியது. பயந்துவிடாதீர்கள், பெட்டியில் எழுதிய வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்எம்பி செட்டிங்கைப் போடாத வரை இந்த செட் அப்படித்தான் எழுந்திருக்கும். சிஸ்டம் எழும்போது திறக்கும் பயாஸ் மெனுவில் போய் எக்ஸ்எம்பி ஆன் செய்தேன், பெரியவர் சொன்ன மாதிரியே 2666-ல் நின்றது. மெம்டெஸ்ட் ராத்திரி முழுக்க ஓடியது, ஒரு எரர் இல்லை.

இப்போது அந்த அபார்ட்மென்ட் ஃபைல் லிங்க் எல்லாவற்றோடும் இரண்டரை நிமிஷத்தில் திறக்கிறது, முன்னால் ஏழு. இருபத்திரண்டு ஷீட்டை ஒரே மூச்சில் பிடிஎஃப் ஆக்கினால் முன்னால் நடுவில் செத்துப்போகும், இப்போது முழுசாக முடிகிறது. மாறாதது என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். ஆட்டோகேட்டில் டிராயிங்கைத் திரும்ப வரைய ரீஜென் அடித்தால் அதே நேரம்தான் ஆகிறது, அது பெரும்பாலும் பிராசசரின் வேலை. ரெவிட்டில் 3டி வியூவைச் சுற்றினால் அதே திக்கல், அது கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும் படும் பாடு. இதற்கெல்லாம் ரேம் மேல் பழி போட முடியாது, கடையில் யாராவது அப்படிச் சொல்லி விற்றால் நம்பாதீர்கள்.

பழைய 8+8-ஐயும் மீதி ஸ்லாட்டில் போட்டு 48 ஆக்கி இரண்டு நாள் பார்த்தேன். கமிட்டட் 29-ஐத் தாண்டவில்லை, வீண். கழற்றி, 4 ஜிபியில் முக்கிக்கொண்டிருந்த பில்லிங் சிஸ்டத்தில் போட்டுவிட்டேன். பெரிய மாடல் வந்தால் இன்னொரு 16+16 போட இரண்டு ஸ்லாட் காலியாக இருக்கிறது. புதிதாக டிடிஆர்5 சிஸ்டம் எடுக்கிறவர்கள் இப்படி யோசிக்க வேண்டாம், அதில் நாலு ஸ்டிக் போட்டால் வேகம் நன்றாகவே இறங்கும், முதலிலேயே 32+32 போட்டுவிடுவது மேல். ஆட்டோகேட் மட்டும் ஓடுகிற எங்கள் மூன்றாவது சிஸ்டத்துக்கு நான் ஒன்றும் வாங்கவில்லை. அதில் 16 இருக்கிறது, கமிட்டட் 11-ஐத் தாண்டி நான் பார்த்ததே இல்லை.